கொம்பனித்தெரு: கோட்டைக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் வரலாறு

ஓரூருக்கு மும்மொழியிலும் வெவ்வேறு பெயர் வழங்குதல் இலங்கையில் அருமையன்று. ஆயின், அப்பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தா நினைவுகளைத் தாங்கி நிற்றல் அருமையே. கொழும்பு மாநகரின் இரண்டாம் அஞ்சல் வலயத்துள் அடங்கிய கொம்பனித்தெரு அத்தகைய ஓரூராகும். ஆங்கிலத்தில் இது நெடுங்காலமாக 'ஸ்லேவ் ஐலண்ட்', அஃதாவது அடிமைத்தீவு, என வழங்கிற்று. சிங்களவர் 'கொம்பஞ்ஞவீதிய' என்பர். தமிழர் கொம்பனித்தெரு என்பர். கொம்பனி என்றது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியையே என்பாரும், பின்னாளில் இங்குப் பாளையமிட்டிருந்த மலாய்ப் படைப்பிரிவுகளை என்பாருமாக இரு கொள்கையர் உளர். ஒல்லாந்த ஆட்சியைக் கும்பினி என்றும் கொம்பனி என்றும் சுட்டுதல் இந்நாட்டு மக்களிடையே பெருவழக்காயிருந்தமையின், முன்னைய கொள்கையே வலியுடைத்து.

இப்பெயர்களிடையே ஒரு வேடிக்கையுண்டு. ஆண்டோரின் மொழி இவ்விடத்திற் கிடந்துழன்ற அடிமைகளை நினைவிற்கொண்டது. ஆளப்பட்டோரின் மொழிகளோ ஆண்ட கொம்பனியை நினைவிற்கொண்டன. 2023ஆம் ஆண்டில் ஆங்கிலப் பெயரைக் கைவிட்டு, மும்மொழியிலும் கொம்பஞ்ஞவீதிய என்றே வழங்குதல் வேண்டுமென அரசாங்கம் அறிவித்தது. அடிமை என்னுஞ் சொல் இழிவு தருவது என்பது அதற்குக் காரணமாகலாம். ஆயினும், அச்சொல்லில் இழிவு உண்டெனின், அது அடிமை கொண்டார்க்கே உரியதன்றி அடிமைப்பட்டார்க்கு உரியதன்று. பெயரை மாற்றுதல் எளிது. அப்பெயர் தோன்றிய காரணத்தை அறிந்துகொள்ளுதலே அரிது.

அக்காரணத்தை அறிதற்கு முதலில் இவ்விடத்தின் கிடக்கையை நோக்குதல் வேண்டும். அடிமைத்தீவு உண்மையில் ஒரு தீவன்று. பேரை வாவி மூன்று புறத்தும் சூழ, நீரினுள் நீண்டு கிடந்த ஒரு நிலநாக்கே அது. வாவிதானும் முற்றும் இயற்கையாக அமைந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் தம் கோட்டையைத் தரைப்பக்கத் தாக்குதலினின்றுங் காத்தற்பொருட்டு, தாழ்நிலத்து நீரோடையை அணையிட்டுத் தேக்கியமையாலேயே அது விரிந்த நீர்ப்பரப்பாயிற்று. அந்நீரின் வலியைப் பகைவரும் நன்குணர்ந்திருந்தனர். 1587, 1588ஆம் ஆண்டுகளிற் கொழும்பை முற்றுகையிட்ட சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன், கோட்டைமதிலை இடிக்க முற்பட்டதோடமையாது, கால்வாய் வெட்டி வாவியை வடியச் செய்தற்கும் முயன்றான் என்பது கருதத்தக்கது. கோட்டைக்கு மிக அண்மையிலிருந்தும் நீரால் அதனின்று பிரிக்கப்பட்ட நிலம் என்பதே கொம்பனித்தெருவின் தலையாய இயல்பு. ஏவிய வேலைக்கு உடனே வந்துசேரத்தக்க அண்மை, வேண்டாதபோது விலக்கிவைக்கத்தக்க தொலைவு என்னும் இவ்விரண்டும் ஓரிடத்தே அமைந்தமையாலேயே ஒவ்வோர் ஆட்சியும் தனக்கு ஊழியஞ் செய்வோரை இங்குக் குடியேற்றிற்று.

1656ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அடிமைகளைப் பெருந்தொகையாகக் கையாண்டனர். கட்டடவேலை, சுமைவேலை, தச்சுவேலை, கொல்வேலை முதலியவற்றிற்குக் கொம்பனியே தனக்குரிய அடிமைகளை வைத்திருந்தது. தனிப்பட்ட உத்தியோகத்தரின் வீடுகளிலும் அடிமைகள் நிறைந்திருந்தனர். இவர்கள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டனர் எனின், ஆபிரிக்காவின் கீழைக்கரை, மடகாஸ்கார், இந்தோனேசியத் தீவுகள், இந்தியக் கரையோரம் எனப் பலவிடங்களைச் சொல்லல் வேண்டும். ஈண்டுத் தமிழ் வாசகர் மறக்கலாகாத செய்தியொன்றுண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டிற் போரும் கொடும் பஞ்சமும் ஒருங்கே நேர்ந்தன. அப்பொழுது பசிக்கு ஆற்றாது தம்மையும் தம் மக்களையும் விற்ற தமிழர் பல்லாயிரவரை ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையில் விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் பிறவிடங்களுக்கும் கப்பலேற்றினர். அடிமை என்றவுடன் ஆபிரிக்கரை மட்டும் நினைத்தல் நம்மவரிடையே உள்ள ஒரு வழக்கம். அது பாதி உண்மையே. காவிரிப் படுகையிலிருந்து சென்றோரும் அவ்வரிசையில் நின்றனர்.

அடிமைகள் இந்நிலநாக்கில் அடைத்துவைக்கப்பட்டமைக்கு ஒரு கொலைக்கதை காரணமாகச் சொல்லப்படுகின்றது. பரன்ட் வன் டெர் சுவான் என்னும் ஒல்லாந்த அதிகாரியும் அவர் மனைவியும் கோட்டையினுள் தம் வீட்டிலேயே அடிமைகளாற் கொல்லப்பட்டனர் என்றும், அதன்பின் அடிமைகள் இரவில் கோட்டைக்குள் தங்குதல் தகாதென விதிக்கப்பட்டதென்றும் கூறுவர். பொழுது சாய்ந்ததும் அவர்கள் வாவிக்கு அப்பால் அனுப்பப்பட்டு எண்ணிக் கணக்கெடுக்கப்பட்டனராம். அவர்கள் தப்பாதவாறு ஒல்லாந்தர் வாவியில் முதலைகளை விட்டனர் என்னும் கதையும் வழங்குகின்றது. முதலைக்கதை செவிவழிச் செய்தி. அதனை வரலாறாகக் கொள்ளுதல் வேண்டியதில்லை. சூழ்ந்த நீரே சிறைக்குப் போதியதாயிருந்தது. பகலெல்லாம் கோட்டையைக் கட்டி எழுப்பிய கைகள் இரவில் அக்கோட்டைக்கு அச்சந் தரும் பொருளாயின என்பதே இக்கதைகளாற் பெறப்படும் உண்மை.

அடிமைகளின் பின் இவ்விடத்திற்குத் தம் முத்திரையை அழுத்தமாக இட்டோர் மலாயர் ஆவர். இப்பெயர் இலங்கையில் வழங்கும் பொதுப்பெயரே. உண்மையில் யாவா, மதுரா, அம்பொன், பாலி முதலிய பல தீவுகளிலிருந்து வந்தோர் இதனுள் அடங்குவர். ஒல்லாந்தர் தம் கீழைத்தேய உடைமைகளிற் கலகஞ் செய்த அரச குடும்பத்தாரை இலங்கைக்கு நாடுகடத்தினர். யாவாவின் மத்தாராம் அரசனாகிய மூன்றாம் அமங்குராத் 1708ஆம் ஆண்டில் இவ்வாறு இங்கு அனுப்பப்பட்டான். அரசரொடு பரிவாரமும், அவர்களினும் பன்மடங்காகப் போர்வீரரும் வந்தனர். 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைக்கொண்டபொழுது, ஒல்லாந்தர் படையிலிருந்த மலாய் வீரர் புதிய எசமானரின் படையிற் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அப்படையே 1827ஆம் ஆண்டில் இலங்கைத் துப்பாக்கிப் படையணி எனப் பெயர்பெற்றது. அதன் பாசறையும் வீரரின் குடும்பங்களும் வாவிக்கரையில் அமைந்தமையின், மலாய் வீதி, யாவா ஒழுங்கை, றைபிள் வீதி எனும் பெயர்கள் இன்றும் இவ்விடத்து வழங்குகின்றன. வேகந்தைப் பள்ளிவாசல் இதற்கும் முந்தியது. ஒல்லாந்தர் காலத்து இறுதியில், 1786இல், எழுந்தது.

1873ஆம் ஆண்டில் அப்படையணி கலைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் படைத்தொழிலையே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே நாளிற் பிழைப்பிழந்தன. அவர்களிற் பலர் பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சிறைச்சாலைச் சேவையிலும் புகுந்தனர். இம்மக்களின் கல்விநிலையைக் குறைவாக மதித்தல் தவறாகும். 1869ஆம் ஆண்டிலேயே பாபா யூனுஸ் சல்டின் என்பார் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையை அரபெழுத்தில் வெளியிட்டார். மலாய் மொழி உலகெங்கணும் நோக்கினும் இது மிக முந்திய பத்திரிகைகளுள் ஒன்றாம். இலங்கை மலாயரின் பேச்சுமொழியோ தமிழாராய்ச்சியாளர்க்கும் இன்பந் தருவது. சொற்கள் பெரும்பாலும் மலாய்ச் சொற்களே. வாக்கிய அமைப்போ தமிழை ஒத்தது. தாய்நிலத்து மலாயில் வினை நடுவே நிற்க, இங்கு அது இறுதியில் நிற்கும். முன்னிடைச்சொற்கள் வேற்றுமையுருபுகள்போற் பெயரின்பின் சென்று சேரும். தமிழ் பேசும் சோனகரோடு ஒரே பள்ளிவாசலிற் றொழுது, மணவுறவுங் கொண்டு வாழ்ந்ததன் பயன் இது. மொழியாசிரியர் இலக்கணக் கலப்பிற்கு உதாரணந் தேடித் தொலைநாடு செல்ல வேண்டியதில்லை. கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளே அதற்குச் சான்றாகும்.

இவ்வூரிலுள்ள கியூ வீதி என்னும் பெயரைக் கேட்போர் அஃது யாதோ ஓர் ஆங்கிலத் துரையின் பெயரென எண்ணுவர். அவ்வாறன்று. இலண்டன் நகருக்கு அண்மையிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவின் பெயரே அது. சர் யோசேப் பாங்க்ஸ் என்னும் அறிஞரின் ஆலோசனைப்படி 1810ஆம் ஆண்டில் அடிமைத்தீவில் அரச தாவரவியற் பூங்கா ஒன்று தொடங்கப்பட்டது. சீனாவில் தாவரங்கள் திரட்டிப் பெயர்பெற்ற வில்லியம் கேர் 1812இல் அதன் கண்காணிப்பாளராக வந்தார். வாவிக்கரை நிலம் வெள்ளத்துக்கு இலக்காயிருந்தமையாற் பூங்கா 1813இல் களுத்துறைக்கும், பின்னர் 1821இற் பேராதனைக்கும் பெயர்ந்தது. பேராதனைப் பூங்காவின் அழகைக் கண்டு வியப்போர் பலர். அதன் வேர் கொம்பனித்தெருவின் சேற்றில் ஊன்றியதென அறிந்தோர் சிலரே. அந்தக் கியூ வீதியிலேதான் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் அமைந்துள்ளது. தென்னிந்தியாவிலிருந்து படையூழியத்திற்கும் துறைமுக வேலைக்கும் வணிகத்திற்கும் வந்த தமிழரின் வழிபாட்டிடமாக அது வளர்ந்தது. பள்ளிவாசல், கத்தோலிக்க தேவாலயம், முருகன் கோயில் என்னுமிவை ஒருவர் நடந்து சில நிமிடங்களிற் கண்டுவரத்தக்க எல்லைக்குள் நிற்பது இவ்வூரின் சிறப்பு.

அடிமை முறையோ ஆங்கிலேயர் வந்தவுடன் ஒழிந்துவிடவில்லை. பிரதம நீதியரசர் சர் அலெக்சாந்தர் யோன்ஸ்தனின் முயற்சியால், 1816ஆம் ஆண்டு ஓகத்து 12ஆம் நாளின்பின் அடிமைகட்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் என அடிமையுடையோர் பலர் உடன்பட்டனர். முறையான ஒழிப்பு 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலேயே நிகழ்ந்தது. அச்சட்டம் அடிமைப்பட்டோரை விடுவித்தது. அவர்க்கு நிலமோ தொழிலோ வழங்கிற்றில்லை.

சட்டத்தால் அடிமைத்தனம் ஒழிந்த சில தசாப்தங்களுள் நகரின் பொருளியலே மாறிற்று. முதலிற் கோப்பியும், நோயால் அது அழிந்தபின் தேயிலையும் மலைநாட்டிலிருந்து கொழும்பிற்குக் குவிந்தன. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியபின், காலித்துறையின் பெருமையைக் கொழும்புத் துறைமுகம் கவர்ந்துகொண்டது. 1870களின் பிற்பகுதியிற் கரையோரப் புகையிரதப்பாதை கோட்டையிலிருந்து இவ்வூரின் ஊடாகத் தெற்கே சென்றது. வாவிக்கரையெங்கும் பண்டகசாலைகளும் ஆலைகளும் பொறித்தொழிற்சாலைகளும் எழுந்தன. பெட்டிகளிலடைத்த தேயிலை பண்டகசாலை வாயிலிலேயே தோணிகளில் ஏற்றப்பட்டு, வாவிவழியாகவும் கால்வாய்வழியாகவும் துறைமுகத்தை அடைந்தது. பகைவரைத் தடுத்தற்குத் தேக்கப்பட்ட நீர் பண்டம் சுமக்கும் பாதையாயிற்று. 1866இற் பனிக்கட்டி செய்யும் நிறுவனமாகத் தோன்றிப் பின்னர் யானைச் சின்னத்தால் நாடெங்கும் அறியப்பட்ட குளிர்பானத் தொழிற்சாலையும் இவ்வூரின் கிளெனி வீதியிலே நெடுங்காலம் இயங்கிற்று.

தொழிற்சாலை வந்தவிடத்துத் தொழிலாளர் வருவர். அவர்க்கு வீடு வேண்டும். ஓட்டுக்கூரையும் சிறுதிண்ணையுமுடைய தொடர்வீடுகள் வீதியோரத்தில் எழுந்தன. அவற்றின் பின்புறத்தே, ஒரே குழாயையும் ஒரே மலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிரும் தோட்டங்கள் நெருங்கின. தோட்டமென்றதும் மரஞ்செடிகளை நினைத்தலாகாது. கொழும்பு வழக்கில் அது வறியோர் குடியிருப்பின் பெயர். முடுக்கு என்னும் நல்ல தமிழ்ச்சொல்லும் இந்நகரிற் சிங்கள வழக்கினுட் புகுந்து, இழிவுப்பொருள் பெற்றுவிட்டது. வாவியோ சிறுகச் சிறுகத் தூர்க்கப்பட்டது. முன்னர் ஏறத்தாழ 165 ஹெக்டேயராயிருந்த நீர்ப்பரப்பு இன்று 65 ஹெக்டேயர் அளவினதே என்பர். எஞ்சிய நீரிலும் நகரின் கழிவு கலந்தது.

இக்காலத்தெழுந்த கட்டடங்களுள் ஒன்றை விதந்து கூறல் வேண்டும். பெருஞ்செல்வரும் கொடையாளருமான சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870களில் எழுப்பிய மாடிக்கடைத் தொகுதியே அது. கீழே கடைகளும் மேலே வாழ்விடங்களுமாக, வளைவுச் சாளரங்களுடன் வீதியோரத்தே நீண்டு நின்றது. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர், பறங்கியர் ஆகிய யாவரும் அதன் நிழலில் வணிகஞ் செய்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வூர் இன்னொரு தொழிலுக்கும் இடமாயிற்று. இலங்கைத் திரையரங்கு நிறுவனத்தை 1928இல் தோற்றுவித்த தமிழரான சர் சிற்றம்பலம் ஏ. கார்டினரின் பெயரை இவ்வூரின் வடவெல்லையிற் செல்லும் பெருவீதி தாங்கியுள்ளது. 1965இற் கொம்பனித்தெருவில் றியோ திரையரங்கு திறக்கப்பட்டது. தமிழ்க் குடும்பமொன்றுக்குச் சொந்தமான அது, 70 மில்லிமீற்றர்ப் படங்காட்டும் வசதியால் நகர மாந்தரை ஈர்த்தது. 1983 யூலை வன்செயலில் அது தீயிடப்பட்டது. அதனையொட்டி நின்ற விடுதிக்கட்டடம் எரிந்த கூடாகவே பல்லாண்டு நின்றது. பல இனத்தார் கலந்து வாழ்ந்த ஊர் என்னும் புகழுரையைக் கேட்குந்தோறும் அக்கருகிய சுவர்களையும் நினைத்தல் நேர்மையாகும். எரித்தோர் வெளியிடத்தார் என்பர் சிலர். அஃது எவ்வாறாயினும் எரிந்தது இவ்வூரின் உடைமை.

குடியிருப்போரின் உரிமை நிலையில் 1973ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டின் முதலாம் இலக்க வீட்டுச்சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு எல்லை வகுத்தது. அதன்மூலம் கொழும்பில் வாடகைக் குடியிருப்பாளராயிருந்தோர் பலர் தாம் குடியிருந்த வீட்டையே உடைமையாகப் பெறும் வழி பிறந்தது. பேரனார் வாடகை கொடுத்த வீட்டுக்குப் பெயரன் உறுதி வைத்திருக்கும் நிலை கொம்பனித்தெருவிலும் உண்டாயிற்று. அடிமையாய், படைவீரராய், கூலியாராய்ப் பிறர் நிலத்தில் தங்கியிருந்தோரின் வழித்தோன்றல்களுக்கு நிலம் சட்டப்படி உரியதாகத் தொடங்கியது அப்பொழுதே.

அவ்வுரிமை இரண்டு தலைமுறைக்கேனும் நிலைத்ததெனக் கூற இயலவில்லை. 2009இற் போர் முடிந்தபின் கொழும்பை முதலீட்டு நகராக்கும் முயற்சி விரைந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலிருந்த வீடுகள் படையினர் சூழ்ந்துநிற்க இடிக்கப்பட்டன. பின்னர் யாவா ஒழுங்கையும் அதனை அடுத்த பகுதிகளும் பெருந்திட்டங்களுக்காக வெறுமையாக்கப்பட்டன. நகரெங்கும் இவ்வாறு அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்குத் தெமட்டகொடை, வனாத்தமுல்லை முதலிய பகுதிகளில் மாடிக் குடியிருப்புகள் வழங்கப்பட்டன. அவை ஏறத்தாழ நானூறு சதுர அடி அளவின. முன்னைய வீட்டுக்கு ஈடாகவே கொடுக்கப்பட்டனவெனின், அவற்றுக்கும் தவணைப் பணம் அறவிடப்பட்டது ஏன் என்னும் வினாவுக்கு மக்கள் ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை.

இம்மாற்றத்தை முற்றாகக் கண்டித்தல் எளிது. ஆயின் அது நடுநிலையாகாது. ஒரு குழாயடியிற் பல குடும்பங்கள் காத்துநின்ற வாழ்வு போற்றத்தக்கதன்று. மழைக்காலத்தில் முடுக்கினுட் கழிவுநீர் புகுந்ததை அறிந்தோர் மாடிவீட்டின் தனிக்குழாயை இகழார். இடிக்கப்பட்டவை யாவும் சேரிகளுமல்ல; உறுதியும் வரிச்சீட்டும் உடைய கல்வீடுகளும் அவற்றுட் சேர்ந்திருந்தன. அன்றியும், கொம்பனித்தெரு மக்களின் பிழைப்பு வீட்டுச் சுவர்களுள் அடங்கியதன்று. விடியற்காலையில் அப்பமும் இடியப்பமும் அவித்து வாயிலில் விற்கும் பெண்ணுக்கும், கோட்டை அலுவலகங்களுக்கு மதியவுணவு கொண்டுசெல்வோனுக்கும், யூனியன் பிளேசில் வண்டி திருத்துவோனுக்கும் கோட்டையின் அண்மையே முதல். பத்தாம் மாடியில் அடுப்பு மூட்டலாம். வழிப்போக்கர் அங்கு வாரார். இம்முதலுக்கு எவரும் ஈடு கணித்ததில்லை.

அவ்வண்மைக்கு விலை இல்லாமலில்லை. வாவிக்கரையில் 240 மீற்றர் உயர்ந்து, ஒன்றன்மேலொன்று சாய்ந்தாற்போல் நிற்கும் அல்ற்றெயர் இரட்டைக் கோபுரங்களில் வீடு வாங்குவோர் அவ்விலையைக் கொடுத்தே வாங்குகின்றனர். பனிக்கட்டித் தொழிற்சாலை நின்ற கிளெனி வீதி நிலத்தில் எழுந்த பெருவிடுதித் தொகுதி 2024இல் திறக்கப்பட்டது. அங்கு அறைகளைத் துடைப்போரும் சமையற்கூடத்தில் உழைப்போரும் காவல் நிற்போரும் நாடோறும் தொலைவிலிருந்து பேருந்தேறி வருகின்றனர். முன்னாளில் ஊழியர் வாவிக்கு இப்பால் உறங்கிக் கோட்டைக்கு நடந்து சென்றனர். இன்று உறங்குமிடமும் அகன்றுவிட்டது.

டி சொய்சாவின் மாடிக்கடைத் தொகுதி 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. அதனைத் தொல்பொருளாகப் பேணல் வேண்டுமெனக் கட்டடக்கலைஞரும் பழமை பேணுவோரும் கேட்டுக்கொண்டனர். அவ்வாண்டின் இறுதியில் எஞ்சிய பகுதியும் இடித்துத் தள்ளப்பட்டது. மலாய் வீதிப் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் தன்னிடத்தே உளது.